கப்பல் இல்லை என்ற பதில்

கடல் கடந்து போருக்குப் போனவன் எப்போது ஊர் திரும்பலாம் என்று போரின் முதல் ஆண்டில் யாரும் கேட்பதில்லை. சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை அவனுக்கும் இருக்கிறது, அவனை அனுப்பியவர்களுக்கும் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் கடிதங்களில் அந்தக் கேள்வி தலைகாட்டுகிறது. மூன்றாம் ஆண்டில் நாடாளுமன்றத்துக்கே வந்துவிடுகிறது. அங்கே அமைச்சர் எழுந்து சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கப்பல் இல்லை. அந்தப் பதில் பொய்யல்ல. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி மறைந்து நிற்கிறது. ஒருவன் வீட்டுக்குப் போனால் அவன் இடத்தில் யார் நிற்பது? போர்க்கால விடுப்பு போக்குவரத்துப் பிரச்சினையாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. அதன் உள்ளே கிடப்பதோ, போரின் சுமையை ஒரு நாடு தன் மக்களிடையே எப்படிப் பங்கிடுகிறது என்ற பிரச்சினை. பங்கீட்டைப் பற்றிப் பேசத் துணிந்த அரசுகளுக்கு விடுப்பு ஓரளவு ஒழுங்காக அமைந்தது. துணியாத அரசுகள் கப்பலைக் காட்டித் தப்பின, அல்லது விடுப்பைக் கொடுத்துவிட்டு விழி பிதுங்கின.

முதலில் ஒரு தெளிவு தேவை. போர்க்களத்துக்குச் சற்றுப் பின்னால், கெய்ரோவிலோ ஒரு மலைவாசத்தலத்திலோ, சில நாள் ஓய்வு கொடுப்பது ஒரு வகை. சொந்த நாட்டுக்கு அனுப்பி, சில வாரங்களோ மாதங்களோ வீட்டில் இருக்கவிட்டு, திரும்ப அழைத்துக்கொள்வது இன்னொரு வகை. குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்தவனை ஒரேயடியாகத் தாயகத்துக்கு மாற்றிவிடுவது மூன்றாவது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் இந்த மூன்றாவது ஏற்பாட்டை ‘பைத்தான்’ என்ற குறிப்பெயரால் அழைத்தது. அரசுகள் இம்மூன்றையும் வசதிக்கேற்பக் குழப்பிக்கொள்வது வழக்கம். முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டுவார்கள். இரண்டாவதைக் கேட்டால், மூன்றாவதைக் கொடுத்தால் படையே கரைந்துவிடும் என்பார்கள். இந்தக் கட்டுரை பேசுவது முக்கியமாக இரண்டாவதைப் பற்றி; அது மூன்றாவதோடு பிணைந்தே வரும்.

கப்பல் தட்டுப்பாடு உண்மையானது. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் பிரிட்டிஷ் துருப்புக் கப்பல்களுக்கு ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. பிரிட்டனிலிருந்து எகிப்துக்குப் போகிறவர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாக 12,000 மைலுக்கும் மேல் பயணம் செய்தார்கள். இரண்டு மாதம் கடலிலேயே கழிந்தது. வட ஆப்பிரிக்காவில் அச்சு நாடுகளின் படை 1943 மே மாதம் சரணடைந்த பிறகே குறுக்குவழி திறந்தது. நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தின்றுகொண்டிருந்த ஆண்டுகளில், ஒரு சிப்பாய் தன் மனைவியைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று நான்கு மாதப் பயணத்துக்கு இடம் ஒதுக்க எந்த அமைச்சரும் தயங்கியிருப்பார். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் மட்டுமே அடிக்கடி சொல்லப்பட்டது. துருப்புக் கப்பல்கள் போகும்போதுதான் நிரம்பி வழிந்தன. திரும்பும்போது காயம்பட்டவர்களும் போர்க் கைதிகளும் போக இடம் இருந்தது. வீட்டுக்குப் போக இடம் இல்லை என்பது பிரச்சினையே அல்ல. திரும்பி வரவும், அவனுக்கு மாற்றாக வேறொருவன் வரவும்தான் இடம் வேண்டும். அதாவது கப்பல் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஆள் கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

போர் முடிந்த பிறகும் அதே பதில் சொல்லப்பட்டபோது அதன் சாயம் வெளுத்தது. 1946 ஜனவரியில் கராச்சி அருகே டிரிக் ரோடு விமானத் தளத்தில் தொடங்கி, இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று பல தளங்களில் பிரிட்டிஷ் விமானப் படையினர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கலந்துகொண்டவர்கள் ஏறத்தாழ 50,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. ஜப்பான் சரணடைந்து ஐந்து மாதம் ஆகியும் ஊருக்கு அனுப்பவில்லை என்பதே அவர்கள் குறை. கப்பல் போதவில்லை என்று அரசு விளக்கியது. பேரரசைக் காவல் காக்கத் தங்களைப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுடைய சந்தேகம். நம் காலத்தில் இதைவிடத் துல்லியமான சோதனை ஒன்று கிடைத்திருக்கிறது. உக்ரைன் வீரன் தன் நாட்டு மண்ணிலேயே போரிடுகிறான். ஒரு ரயிலில் ஏறினால் வீடு. கடலும் இல்லை, கப்பலும் வேண்டாம். ஆனாலும் 2024 ஏப்ரலில் புதிய ஆள்திரட்டல் சட்டம் நிறைவேறியபோது, 36 மாதம் பணியாற்றியவர்களை விடுவிக்கும் பிரிவு ராணுவத் தலைமையின் வேண்டுகோளால் நீக்கப்பட்டது. மாற்று ஆள் இல்லை என்பதே காரணம். கட்டாயச் சேர்ப்பின் குறைந்தபட்ச வயதை 27இலிருந்து 25ஆகக் குறைப்பதற்கே அங்கே பல மாதம் தயங்கினார்கள். போக்குவரத்து என்ற திரை இல்லாத இடத்தில் கேள்வி நேராகவே தெரிகிறது.

ஆள் கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதற்கு முதல் உலகப் போரின் ஆஸ்திரேலியப் படை நல்ல சான்று. அது முழுக்க முழுக்கத் தன்னார்வப் படை. கட்டாய ராணுவ சேவைக்கு மக்களின் ஒப்புதல் கேட்டு 1916 அக்டோபரிலும் 1917 டிசம்பரிலும் இரு முறை வாக்கெடுப்பு நடந்தது. இரு முறையும் தோற்றது. ஆகவே 1914இல் பெயர் கொடுத்தவன், கலிப்பொலியில் பிழைத்து, பிரான்சின் சேற்றில் இரண்டு ஆண்டு கிடந்து, 1918இலும் அங்கேயே இருந்தான். பிரிட்டிஷ் சிப்பாய்க்காவது ஆங்கிலக் கால்வாயைக் கடந்தால் வீடு. ஆஸ்திரேலியனின் விடுப்பு லண்டனோடு முடிந்தது. கடைசியில் பிரதமர் பில்லி ஹியூஸ் தலையிட்டு, 1914இல் சேர்ந்தவர்களுக்குத் தாயக விடுப்பு வாங்கித் தந்தார். 1918 செப்டம்பரில், ஹிண்டன்பர்க் அரணுக்கு முந்தைய தாக்குதல் நடக்கவிருந்த நேரத்தில், முதல் தொகுதியை உடனே அனுப்பும்படி உத்தரவு வந்தது. படைத் தளபதி ஜான் மோனாஷுக்கு எரிச்சல். அனுபவசாலிகள் போகிறார்கள், பட்டாலியன்கள் ஏற்கெனவே பாதியாகச் சுருங்கிக் கிடக்கின்றன, தாக்குதலோ வாசலில் நிற்கிறது. ராணுவக் கண்ணால் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் அந்தப் பட்டாலியன்களைச் சுருக்கியது விடுப்பு அல்ல. மாற்று ஆள் அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்விக்கு நாடு இரு முறை சொன்ன பதிலின் விலையை அவர்கள்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பொருளில் மிக விரிவாகப் பார்க்க வேண்டியது நியூசிலாந்தின் கதை. அப்போது சுமார் பதினாறு லட்சம் மக்களே இருந்த நாடு. அதன் இரண்டாம் டிவிஷன், ஃப்ரைபெர்க் என்ற தளபதியின் கீழ், 1940 தொடக்கத்திலிருந்து மூன்று தொகுதிகளாகப் புறப்பட்டது. முதல் தொகுதி கொழும்பில் நின்று, மொத்தம் ஐந்து வாரம் கடலில் கழித்து எகிப்தில் இறங்கியது. பிறகு கிரீஸ், கிரீட், லிபியா, எல் அலமைன், துனீசியா. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்ததும் பக்கத்து ஆஸ்திரேலியா தன் டிவிஷன்களை மேற்காசியாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொள்ளத் தொடங்கியது; கடைசியாக எஞ்சியிருந்த ஒன்பதாம் டிவிஷனும் 1943 தொடக்கத்தில் நாடு திரும்பியது. நியூசிலாந்து தன் படையை அங்கேயே விட்டுவைத்தது. 1943 மே மாதம் நாடாளுமன்றம் ரகசியமாகக் கூடி, டிவிஷன் மத்தியதரைக் களத்திலேயே தொடரட்டும் என்று முடிவெடுத்தது. சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அதைத்தான் விரும்பினார்கள். இந்த முடிவைப் படையினரும் குடும்பங்களும் விழுங்க வேண்டுமே. அதற்காகப் பிரதமர் பீட்டர் ஃப்ரேசரின் அரசு, முதல் மூன்று தொகுதிகளில் போனவர்களிலிருந்து சுமார் 6,000 பேருக்கு மூன்று மாதத் தாயக விடுப்பு அறிவித்தது. போகவர ஆகும் காலத்தையும் சேர்த்தால் ஆறு மாதம். அந்த அளவு ஆள் ஆறு மாதம் இல்லாமல் ஒரு டிவிஷன் சமாளிக்க வேண்டும் என்பதை நினைத்தால், அது கஞ்சத்தனமான சலுகை இல்லை என்று புரியும்.

1943 ஜூலையில் அவர்கள் வெலிங்டனில் வந்திறங்கினார்கள். வரவேற்பும் விருந்தும் முடிந்த பிறகு ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். உடல் தகுதியில் முதல் தரம் என்று சான்று பெற்ற சுமார் 35,000 ஆண்கள், அத்தியாவசியத் தொழில் என்ற பெயரில் விலக்குப் பெற்று, ஒரு நாள்கூட வெளிநாடு போகாமல் உள்ளூரில் இருந்தார்கள். நல்ல கூலி, கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம், மாலையில் வீடு. மூன்றரை ஆண்டு பாலைவனத்தில் இருந்தவன் கேட்ட கேள்வியில் சிக்கல் எதுவும் இல்லை: எல்லோரும் ஒரு முறை போய்வந்த பிறகல்லவா நான் இரண்டாம் முறை போக வேண்டும்? இந்த வாதம் கூட்டம் கூட்டமாகப் பரவியது. அரசு செய்தித்தாள்களின் வாயைத் தணிக்கையால் கட்டியது. செப்டம்பரில் பொதுத் தேர்தல். அதுவரை யாரையும் திருப்பி அனுப்பும் பேச்சையே அழுத்திச் சொல்லவில்லை. பிறகு குழந்தைகள் உள்ள திருமணமானவர்கள், 41 வயதைக் கடந்தவர்கள், மாவோரிகள் என்று ஒவ்வொரு பிரிவாக விலக்கு அளிக்கப்பட்டது. ஒவ்வொரு விலக்கும் மீதமிருந்தவர்களின் எரிச்சலைக் கூட்டியது. 1944 ஜனவரியில் கப்பலேறச் சொன்னபோது நூற்றுக்கணக்கானவர்கள் மறுத்துவிட்டார்கள். விடுப்பில் முதலில் வந்திறங்கியவர்களில் கடைசியில் மேற்காசியா திரும்பியவர்கள் சுமார் 13 விழுக்காடுதான்.

அடுத்து நடந்தது ஓர் அரசு தன் தவற்றைச் சட்டத்தின் தலையில் ஏற்றிய கதை. மறுத்தவர்கள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, படையை விட்டு ஓடிய குற்றத்துக்காக 90 நாள் சிறைத் தண்டனை பெற்றார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. அவர்கள் எங்கேயும் ஓடி ஒளியவில்லை. எதிரே நின்று முடியாது என்றார்கள். உடனே அரசு வழக்கை விட்டுவிட்டு, கீழ்ப்படியாமை என்று சொல்லிப் பலரைப் படையிலிருந்து நீக்கியது. போர் வீரனுக்கான மறுவாழ்வு உதவிகளும் அவர்கள் கையை விட்டுப் போயின. கவனிக்க வேண்டியது அதே ஆண்டில் அந்த அரசு செய்த இன்னொரு காரியம். பசிபிக் களத்தில் இருந்த மூன்றாம் டிவிஷனை 1944இல் கலைத்து, அதிலிருந்த பலரைப் பண்ணைகளுக்கும் தொழில்களுக்கும் அனுப்பி, வேறு பலரை இத்தாலிக்கு மாற்று ஆட்களாக அனுப்பியது. பழையவர்களைப் படிப்படியாக ஊருக்கு அழைத்துக்கொண்டது. மாற்று ஆள் கிடைக்கவே மாட்டான் என்று 1943இல் இருந்த நிலை, ஓராண்டில் தானாக மாறிவிடவில்லை. சிறைக்குப் போக ஆட்கள் தயாராக இருந்ததைப் பார்த்த பிறகே மாற்றப்பட்டது.

இந்தக் கதையைப் படித்த ராணுவ அதிகாரி ஒருவர் நேர்மாறான முடிவுக்கு வரக்கூடும். பார்த்தீர்களா, விடுப்பில் அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள். போர் முடியும்வரை அனுப்பாமல் இருப்பதே நல்லது என்பார். வலுவான ஆட்சேபம்தான். ஆனால் பிரான்சை எடுத்துப் பார்த்தால் அது நிற்காது. 1914இல் போர் தொடங்கியபோது பிரெஞ்சுப் படையில் விடுப்பே கிடையாது. 1915 கோடையில்தான் தலைமைத் தளபதி ழோஃப்ர் அதைத் திறந்துவிட்டார். அதுவும் சீராக நடக்கவில்லை. 1917 வசந்தத்தில் தளபதி நிவேல் நடத்திய தாக்குதல் தோற்றதும் படைப் பிரிவுகள் பலவற்றில் கலகம் வெடித்தது. கலகக்காரர்களின் கோரிக்கைகளில் விடுப்பு முன்வரிசையில் இருந்தது. அடுத்துத் தலைமைப் பொறுப்பேற்ற பெத்தேன் சிலரைச் சுட்டுக் கொன்றார் என்பதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான்கு மாதத்துக்கு ஏழு நாள் விடுப்பு என்பதை அவர் உறுதியாக்கியதையும், விடுப்பு ரயில்களையும் நிலையங்களின் உணவு வசதியையும் சீர்படுத்தியதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. லட்சக்கணக்கானவர்கள் ஊருக்குப் போனார்கள். மிகப் பெரும்பாலோர் குறித்த நாளில் அகழிக்குத் திரும்பினார்கள்.

பிரான்சில் ஏன் திரும்பினார்கள், நியூசிலாந்தில் ஏன் மறுத்தார்கள்? தூரம் ஒரு காரணம். ஏழு நாள் விடுப்பில் போகிறவனுக்கு வேரூன்ற நேரமில்லை. எதிரி சொந்த மண்ணில் நிற்பது இன்னொரு காரணம். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது காரணம் பேசப்படாமலே போகிறது. பிரான்சிலும் பின்புறத்தில் பதுங்கியவர்கள் மீது வெறுப்பு கொதித்தது. அங்கே அரசு அதைச் சட்டமாக எதிர்கொண்டது. 1915இல் தல்பியே சட்டம், 1917 பிப்ரவரியில் மூர்யே சட்டம் என்று, தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் விலக்குப் பெற்று உட்கார்ந்திருந்தவர்களைச் சலித்தெடுத்து முன்னணிக்கு அனுப்பும் ஏற்பாடுகள் வந்தன. சல்லடை பெரிய துளைகள் கொண்டதுதான், பலர் தப்பினார்கள். இருந்தாலும் ஊருக்கு வந்த சிப்பாய், அடுத்தது யார் என்ற கேள்வியை அரசும் கேட்கிறது என்பதைக் கண்டான். வெலிங்டனில் இறங்கியவன் அதைக் காணவில்லை. விடுப்பு ஒரு நாட்டின் பங்கீட்டை அம்பலப்படுத்துகிறது. அம்பலமாவதில் அரசுக்கு அச்சம் இருந்தால் அது விடுப்பின் குற்றமாகாது.

இன்னொரு ஆட்சேபம் மருத்துவ மொழியில் வரும். சிப்பாய்க்குத் தேவை ஓய்வு. அதைக் களத்துக்குப் பக்கத்திலேயே கொடுக்கலாம், எதற்காக வீடு? ஓய்வின் அருமை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. முதல் உலகப் போரில் அகழிகளில் மருத்துவராக இருந்த மோரன் பிரபு 1945இல் வெளியிட்ட நூலில், தைரியம் என்பது செலவாகிக் குறையும் இருப்பு என்று வாதிட்டார். அமெரிக்க ஆய்வாளர்களான ஏப்பலும் பீபியும் போருக்குப் பின் வெளியிட்ட ஆய்வில், காலாட்படை வீரன் 200 முதல் 240 போர் நாள்களுக்குள் தேய்ந்துபோகிறான் என்று கணக்கிட்டார்கள். அடிக்கடி பின்னால் இழுத்து ஓய்வு கொடுத்த பிரிட்டிஷ் படையில் அந்த எல்லை 400 நாள் வரை நீண்டதாகவும் குறித்தார்கள். ஆக, பக்கத்து ஓய்வு வேலை செய்கிறது. ஆனால் அது வேறு நோய்க்கான மருந்து. போரின் களைப்பு ஒன்று, பிரிவின் சேதம் இன்னொன்று. மூன்று ஆண்டு வீட்டில் இல்லாதவனின் குழந்தை அவனை அறியாமல் வளர்கிறது, கடனுக்கு வட்டி ஏறுகிறது, தகப்பன் சாகிறார், நிலத்தின் எல்லைக் கல் நகர்கிறது, மனைவியின் கடிதங்கள் சுருங்குகின்றன. கெய்ரோவில் ஒரு வாரம் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குவதால் இவற்றில் எதுவும் சரியாகாது.

விடுப்பின் நீளத்தைவிட அதன் தேதி நிச்சயமாக இருப்பது முக்கியம் என்றே சான்றுகள் காட்டுகின்றன. கொரியப் போரில் அமெரிக்கர்கள் புள்ளி முறை வைத்தார்கள்: முன்னணியில் ஒரு மாதம் நின்றால் 4 புள்ளி, பின்னணியில் குறைவு, 36 சேர்ந்தால் வீடு. வியட்நாமில் இன்னும் எளிதாக்கினார்கள்: தரைப்படைக்கு 12 மாதம், மரீன்களுக்கு 13, போகும் நாளிலேயே திரும்பும் நாள் தெரியும். மனநோய்ப் பாதிப்பு முந்தைய போர்களைவிடக் குறைவாகப் பதிவானதற்கு இந்த நிச்சயமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதற்கு வேறு விலை இருந்தது. ஒவ்வொருவனும் தனித்தனியாக வந்து தனித்தனியாகப் போனான். பக்கத்தில் நிற்பவன் யார் என்று தெரிவதற்குள் ஒருவருக்கு நாள் முடிந்துவிடும். நாள் நெருங்கியவன் ரோந்துக்குப் போகத் தயங்கினான். பட்டாலியன் அதிகாரிகளுக்குப் பல சமயம் ஆறே மாதப் பொறுப்பு. தொழில் பழகுமுன் மாற்றல். படையின் ஒட்டுறவைச் சிதைத்தது இந்த முறை என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் அது தனியாளாக மாற்றுவதற்கு எதிரான விமர்சனம், விடுப்புக்கு எதிரானதல்ல. இராக் போரில் பிரிவு முழுவதும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பியது. நடுவில் ஒவ்வொருவருக்கும் 15 நாள் ஊர் விடுப்பு. அந்த ஏற்பாடும் ஆள் பற்றாக்குறையில்தான் கிழிந்தது. 2007 ஏப்ரலில் 12 மாதப் பணி 15 மாதமாக நீட்டப்பட்டது. போனவர்களே மீண்டும் மீண்டும் போனார்கள். ராணுவத்தின் சொந்த மனநலக் குழு அந்த ஆண்டு எடுத்த கணக்கில், முதல் முறை வந்த இடைநிலைப் படைத் தலைவர்களில் 12 விழுக்காட்டினரிடம் மனநலப் பிரச்சினை தெரிந்தது. மூன்றாம் நான்காம் முறை வந்தவர்களிடம் அது 27 விழுக்காடு. பதினைந்து நாள் விடுப்பு, சுமை சிலர் தோளிலேயே திரும்பத் திரும்ப ஏறுவதைச் சரிக்கட்டவில்லை.

இனி, விடுப்பு யாருக்குக் கிடைத்தது என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு கசப்பான ஒழுங்கு புலப்படுகிறது. நீண்ட காலம் இருந்தவனுக்கு முதலில் கிடைக்கவில்லை, அதிகம் துன்பப்பட்டவனுக்கும் கிடைக்கவில்லை. வாக்கு இருந்தவனுக்குக் கிடைத்தது. நியூசிலாந்து விடுப்பு 1943 தேர்தல் ஆண்டில் வந்தது. பிரிட்டனில் ‘பைத்தான்’ காலவரம்பு 1945இல் மூன்று ஆண்டு எட்டு மாதமாக இருந்தது. அதை மூன்று ஆண்டு நான்கு மாதமாகக் குறைப்பதாகப் போர்த்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிரிக் அந்த ஜூனில் அறிவித்தார். பொதுத் தேர்தல் ஜூலை 5. அப்போது தென்கிழக்கு ஆசியத் தலைமையகம் மலேயாவில் தரையிறங்கும் ‘ஸிப்பர்’ நடவடிக்கைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ஒரே அறிவிப்பில் அதன் தேர்ந்த வீரர்களில் பெரும் பகுதி ஊருக்குப் போகத் தகுதி பெற்றுவிட்டது. தளபதிகளான மவுண்ட்பேட்டனும் ஸ்லிம்மும் கொதித்தார்கள். அவர்களுக்குச் சொல்வதற்கு நியாயம் இருந்தது. களத் தளபதிக்குப் போதிய அவகாசம் கொடுக்காத வாக்குறுதி ஆபத்தானது, பழையவர்கள் போன பிறகு புதியவர்களே அதிகம் சாவார்கள். ஆனால் பர்மாக் காட்டில் மூன்றரை ஆண்டு கழித்த பிரிட்டிஷ் சிப்பாயின் பக்கம் நின்று பார்த்தால், அவன் வாக்குச் சீட்டு தவிர வேறு எதுவும் அவனை எந்த அமைச்சரின் நினைவுக்கும் கொண்டுவரவில்லை.

வாக்கு இல்லாதவர்களின் நிலையை இந்தியச் சிப்பாய் காட்டுகிறான். 1914 செப்டம்பர் இறுதியில் லாகூர், மீரட் டிவிஷன்கள் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. சமாதான காலத்தில் இந்தியப் படையில் விடுப்பு தாராளமான ஏற்பாடு. விதைப்பு, அறுவடை, கல்யாணம் என்று மாதக்கணக்கில் ஊருக்குப் போவது சிப்பாயின் வாழ்க்கை முறை. பிரான்சில் அது அறுந்தது. காயம்பட்டவர்கள் பிரைட்டன் நகரின் அரண்மனை மருத்துவமனைக்கும் கிச்சனர் மருத்துவமனைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். மருத்துவம் நன்றாகவே நடந்தது. அதைப் படமெடுத்து இந்தியாவெங்கும் விளம்பரமும் செய்தார்கள். ஆனால் ஆறிய காயத்தோடு மீண்டும் அகழிக்கு அனுப்பினார்கள். ஒரு முறை ரத்தம் சிந்தியவன் ஊருக்குப் போகலாம், அடுத்தவன் வரட்டும் என்பது சிப்பாய்களின் நியாயம். நியூசிலாந்துக்காரன் முப்பது ஆண்டு கழித்துச் சொன்ன அதே வாதம்தான். தணிக்கை அலுவலகம் படித்துத் தொகுத்த கடிதங்களில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது. தணிக்கையாளர்கள் அதை உள்ளபடியே மேலே எழுதி அனுப்பினார்கள். கொள்கை மாறவில்லை. 1915 முடிவில் காலாட்படை பிரான்சை விட்டு நீங்கியது. ஊருக்கு அல்ல, மெசபொட்டேமியாவுக்கு.

இந்தியச் சிப்பாய் விரும்பிச் சேர்ந்த கூலிப் படைவீரன், ஒப்பந்தப்படி எங்கே அனுப்பினாலும் போக வேண்டியவன் என்று ஒரு பதில் உண்டு. ஆஸ்திரேலியனும் நியூசிலாந்தின் முதல் மூன்று தொகுதிக்காரனும் விரும்பிச் சேர்ந்தவர்களே. அதைச் சொல்லி அவர்களுடைய விடுப்பை யாரும் மறுக்கவில்லை, மறுக்க முடியவில்லை. கப்பல் வாதமும் இங்கே பலமிழக்கிறது: மார்செயிலிருந்து பம்பாய், வெலிங்டனைவிடவும் மெல்போர்னைவிடவும் பக்கம். மாற்று ஆள் இல்லை என்பதுதான் ஓரளவு உண்மை. இந்தியப் படைக்குச் சில சாதிகளும் சில மாவட்டங்களுமே போர்க்குணம் உள்ளவை என்ற கொள்கையால் ஆள் எடுக்கும் வட்டம் குறுகிக் கிடந்தது. தமிழ்நாட்டிலிருந்து சாப்பர் படைப் பிரிவு போன்றவற்றுக்கு வெளியே வாய்ப்பு சுருங்கியிருந்தது. பஞ்சாபின் சில கிராமங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் கொடுத்துத் தீர்ந்துகொண்டிருந்தபோது மற்ற மாகாணங்களில் பெரும் பகுதியை அந்தக் கொள்கை தொடவே இல்லை. இங்கும் கேள்வி பங்கீடுதான். வேறுபாடு, அதைக் கேட்க ஒரு நாடாளுமன்றம் இல்லை என்பது மட்டுமே.

ஊரில் இல்லாததால் சிப்பாய்க்கு என்ன நேர்கிறது என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. போன இடத்திலிருந்து அவனால் திரும்ப முடியாது என்பதை அறிந்து பங்காளிகளும் கடன் கொடுத்தவர்களும் வழக்குப் போட்டார்கள். ஆஜராகாததால் தீர்ப்பு அவனுக்கு எதிராகப் போனது. ராணுவத்துக்கு ஆள் கொடுத்த மாவட்டங்களில் இது பெரும் புகாராக வளர்ந்ததும், 1918இல் இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம் இயற்றப்பட்டது. போர்ப் பணியில் இருக்கும் சிப்பாய்க்கு எதிரான உரிமையியல் வழக்கை நீதிமன்றம் ஒத்திவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிப்பாயை ஊருக்கு அனுப்புவதற்குப் பதில் வழக்கை நிறுத்திவைக்கும் வழியை அரசு தேர்ந்துகொண்டது. அந்தச் சட்டம் 1925இல் திருத்தி, ஒருங்கிணைத்து மறுபடி இயற்றப்பட்டது. சுதந்திர இந்தியாவிலும் அது நடைமுறையில் இருக்கிறது.